செக்யூரிட்டி வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முழு வழிகாட்டி: லைசன்ஸ் பார்ப்பதிலிருந்து வேலையை விட்டு விலகுவது வரை

காலையில் ஏஜென்சி ஆபீஸுக்குப் போய், மதியம் யாரோ போட்டிருந்த சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு, இரவே ஏதோ ஒரு கேட்டில் நிற்பது. நம் ஊரில் செக்யூரிட்டி வேலைக்குப் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் வருகிறார்கள். அந்த இடத்தில் ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் விசாரிக்கப்படுவது அந்தப் புது ஆள்தான். அவர் கையில் வேலை உத்தரவு இருக்காது, அடையாள அட்டை இருக்காது, எத்தனை மணிக்கு யாரிடமிருந்து பொறுப்பு வாங்கினார் என்பதற்கு ஒரு வரி எழுத்துகூட இருக்காது.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். முதல் ஆறு படிகளையும் முடித்துவிட்டு அப்புறம் சீருடை போடுங்கள். இந்தியாவில் இந்தத் தொழிலுக்கான சட்டம் 2005-ம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், பேச்சு வழக்கில் பசாரா. கீழே சொல்லும் பயிற்சி நேரம், உடல் தகுதி எல்லாம் மத்திய அரசின் மாதிரி விதிகளில் உள்ளவை. ஒவ்வொரு மாநிலமும் அதை ஒட்டித் தன் விதிகளை எழுதிக்கொள்கிறது, ஆகவே சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்கலாம்.

1. முதலில் ஏஜென்சியின் லைசன்ஸைப் பாருங்கள்

லைசன்ஸ் தனித்தனி கார்டுக்கு, அதாவது காவலுக்கு நிற்கும் ஆளுக்குக் கிடையாது, ஏஜென்சிக்குத்தான். லைசன்ஸ் இல்லாமல் ஆள் அனுப்பும் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படிப்பட்ட இடத்தில் சேர்ந்தால் சம்பளப் பாக்கியோ விபத்தோ வரும் நாளில் உங்களுக்கு எதிரே நிற்க ஒரு முறையான நிறுவனமே இருக்காது.

லைசன்ஸை ஆபீஸில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். சுவரில் காணோம் என்றால் "சார், பசாரா லைசன்ஸ் காப்பி பார்க்கலாமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். முறையாக நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று தேதி: லைசன்ஸ் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். இரண்டு இடம்: ஒரு மாவட்டத்துக்கு, ஐந்து மாவட்டங்கள் வரை, மாநிலம் முழுவதும் என்று மூன்று வகையாகத் தருகிறார்கள், கட்டணம் முறையே 5,000, 10,000, 25,000 ரூபாய். சென்னைக்கு மட்டும் லைசன்ஸ் வைத்திருப்பவர் உங்களை ஓசூர் ஃபேக்டரிக்கு அனுப்பினால் அங்கே அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. பெங்களூரு ஏஜென்சியாக இருந்தாலும் தமிழ்நாட்டில் ஆள் நிறுத்தத் தனி லைசன்ஸ் வேண்டும்.

மூன்றாவது பெயர். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். சட்டையில் ஒரு பெரிய ஏஜென்சியின் பேட்ஜ் இருக்கும், சம்பளம் போடுவது வேறொரு சின்ன கான்ட்ராக்டராக இருப்பார். லைசன்ஸில் உள்ள பெயரும் உங்களுக்கு வேலை உத்தரவு தருகிறவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜிஎஸ்டி சான்றிதழையோ கம்பெனிப் பதிவுச் சான்றையோ காட்டி இதுதான் லைசன்ஸ் என்றால் நம்பாதீர்கள், அவை வேறு.

அபார்ட்மென்ட் சங்கமே உங்களை நேரடியாக வாட்ச்மேனாக வைத்துக்கொண்டால் இந்த லைசன்ஸ் விஷயம் வராது, ஏனென்றால் அவர்கள் ஏஜென்சி இல்லை. அப்போது 3, 6, 8-லிருந்து 13 வரையுள்ள படிகளை மட்டும் பின்பற்றுங்கள்.

2. உங்களுக்குத் தகுதி இருக்கிறதா

வயது 18 முடிந்திருக்க வேண்டும், 65 ஆகியிருக்கக் கூடாது. நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவரையும், ராணுவம் அல்லது போலீஸிலிருந்து ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவரையும் சேர்க்கக் கூடாது.

உயரம் ஆணுக்கு 160 செ.மீ., பெண்ணுக்கு 150. ஆணுக்கு மார்பளவு 80 செ.மீ., மூச்சை இழுத்தால் 4 செ.மீ. விரிய வேண்டும். கண்ணாடி போட்டாவது பார்வை சரியாக இருக்க வேண்டும், நிறக்குருடு இருக்கக் கூடாது. அலார்ம் பேனலில் சிவப்பா பச்சையா என்று தெரியாதவரை கன்ட்ரோல் ரூமில் உட்கார வைக்க முடியாது, அதுதான் காரணம். ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓடவும் வேண்டும். இதைச் சோதிக்கும் ஏஜென்சிகள் உண்டு, நேர்காணலுக்கு முன்பே தினம் காலையில் ஓடிப் பழகிவிடுங்கள்.

வயது விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அறுபத்தைந்தைத் தாண்டிய பெரியவர்களை வயதைக் குறைத்து எழுதிச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. ஆதாரில் ஒரு வயது, ஏஜென்சி ரெஜிஸ்டரில் வேறு வயது என்றால் நாளைக்கு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பணம் கேட்கும்போது குடும்பம்தான் அலைய வேண்டியிருக்கும். அந்த வழிக்கே போக வேண்டாம்.

3. காகிதங்களை ஒரே ஃபைலில் சேருங்கள்

ஆதார், பேங்க் பாஸ்புக், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள், கடைசி ஐந்து ஆண்டுகளில் குடியிருந்த எல்லா முகவரிகளும், முன்பே வேலை செய்தவரானால் யுஏஎன், அதாவது வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண். முன்னாள் ராணுவத்தினர் என்றால் டிஸ்சார்ஜ் புக். சட்டத்திலேயே உங்களுக்கு முன்னுரிமை இருக்கிறது, ஆகவே அதை மறக்காமல் காட்டுங்கள்.

ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டலாம், சரிபார்த்துக்கொள்ளட்டும், நகல் கொடுத்துவிட்டு ஒரிஜினலை அப்போதே கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். "பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஆபீஸில் இருக்கட்டும்" என்று சொல்பவர்கள், நீங்கள் பாதியில் விலகக் கூடாது என்பதற்காகப் பிடித்து வைக்கிறார்கள். அதை மீட்க மாதக் கணக்கில் நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

4. போலீஸ் வெரிஃபிகேஷன்

ஆளின் நடத்தையையும் பின்னணியையும் சரிபார்க்கும் பொறுப்பு ஏஜென்சியுடையது. படிவத்தை நிரப்பித் தர வேண்டியது நீங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் வெரிஃபிகேஷனுக்கு விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது.

இங்கே அதிகம் தடுக்கி விழுவது முகவரியில். ஆதாரில் ஊர் முகவரி, இருப்பது அம்பத்தூரில் வாடகை அறை, படிவத்தில் ஊர் முகவரி மட்டும். விசாரிக்க வருபவர் ஊரில் தேடுவார், ஆள் இருக்க மாட்டார், விண்ணப்பம் அப்படியே நிற்கும். இரண்டு முகவரிகளையும் எழுதுங்கள், வாடகை வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

உங்கள் மேல் பழைய வழக்கு ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். சும்மா ஒரு புகார் வந்ததும், வழக்கு நிலுவையில் இருப்பதும், தண்டனை பெற்றதும் ஒன்றல்ல. சட்டம் வெளிப்படையாகத் தடுப்பது தண்டனை பெற்றவரைத்தான். மறைத்தது தெரியவந்தால் வழக்கைவிட மறைத்ததே பெரிய குற்றமாகப் பேசப்படும்.

சரிபார்ப்பு முடிந்ததும் ஏஜென்சி உங்களுக்கு ஒரு நடத்தைச் சான்று தர வேண்டும். அது உங்களுடையது, நீங்கள் விலகினாலும் அதைத் திருப்பி வாங்கக் கூடாது என்று மாதிரி விதி சொல்கிறது. போலீஸ் அறிக்கை மூன்று ஆண்டுகள் செல்லும்.

5. பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள்

100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப் பயிற்சி, குறைந்தது 20 வேலை நாட்களில் பரவலாக. முன்னாள் ராணுவத்தினர், போலீஸாருக்கு 40 மணி நேரம் வகுப்பும் 16 மணி நேரம் களமும் போதும், ஏழு வேலை நாட்கள். விதி இப்படி இருக்க, பல இடங்களில் பயிற்சி என்பது ஒரு மணி நேரப் பேச்சோடும் ஒரு கையெழுத்தோடும் முடிந்துவிடுகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். தீயணைப்பானின் பின்னைக்கூட ஒருமுறை இழுத்துப் பார்க்காத ஆளை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்துகிறார்கள்.

பயிற்சி பெறாமல் "பெற்றேன்" என்று கையெழுத்துப் போடாதீர்கள். ஏதாவது நடந்த பிறகு "இவருக்குச் சொல்லிக் கொடுத்தோம், இவர்தான் செய்யவில்லை" என்று அந்தக் கையெழுத்தையே எடுத்துக் காட்டுவார்கள்.

பாடத்திட்டம் பெரியது. அதில் நான்கையாவது கையால் செய்து பார்க்காமல் விடாதீர்கள்: தீயணைப்பானை இயக்குவது, முதலுதவி, அடையாள ஆவணங்களைப் படித்துச் சரிபார்ப்பது, கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது. காவல் நிலையத்தில் புகார் பதிவு செய்யும் முறை, தற்காப்பு உரிமை, போலீஸ் மற்றும் ராணுவப் பதவிச் சின்னங்கள் ஆகியவையும் பாடத்தில் உண்டு. போலீஸ் என்று சொல்லிக்கொண்டு வருபவரின் தோள்பட்டையைப் பார்த்து அவர் யார் என்று புரிந்துகொள்ள அது உதவும்.

துப்பாக்கி தனி விஷயம். ஏஜென்சியின் பசாரா லைசன்ஸ் யாருக்கும் துப்பாக்கி வைக்கும் உரிமையைத் தராது, அதற்கு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். "இதைச் சும்மா தோளில் மாட்டிக்கொண்டு நில்" என்றால் மறுத்துவிடுங்கள்.

6. வேலை உத்தரவு, சம்பளம், பிடித்தம்

கையில் வேலை உத்தரவு வராமல் போஸ்ட்டுக்கு, அதாவது காவல் நிற்கும் இடத்துக்குப் போகாதீர்கள். அதில் உங்கள் பதவி, சைட், வேலை நேரம், சம்பளம், பிடித்தங்கள் இருக்க வேண்டும்.

"கையில பன்னிரண்டாயிரம்" என்ற பேச்சை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். பிஎஃப் என்றால் உங்களிடம் 12 சதவீதம் பிடிப்பார்கள், இஎஸ்ஐ என்றால் 0.75 சதவீதம். பிடிக்கிறார்கள் என்பதற்காகக் கட்டுகிறார்கள் என்று அர்த்தமில்லை. யுஏஎன் எண்ணை வாங்கி அரசின் உமங் செயலியில் பிஎஃப் பாஸ்புக்கை நீங்களே பாருங்கள். முதல் இரண்டு மாதத்துக்குள் பணம் ஏறவில்லை என்றால் அப்போதே எழுத்தில் கேளுங்கள், இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் இழுத்துக்கொண்டே போகும்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் இந்தத் தொழிலில் வழக்கமாகிவிட்டது. வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டினால் அது ஓவர்டைம், அதற்கு இரட்டிப்புக் கூலி. உங்களை மாற்றிவிட வேண்டிய ஆள் (ரிலீவர்) வரவில்லை என்று டபுள் டூட்டி பார்க்கச் சொன்னால் ரெஜிஸ்டரில் அந்த நேரத்தைத் தனியாக எழுதி சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்குங்கள், வாய் வார்த்தை சம்பள நாளில் நிற்காது. சீருடைக்குப் பணம் பிடித்தால் ரசீது கேளுங்கள்.

7. அடையாள அட்டை, சீருடை

ஏஜென்சி தரும் அட்டையில் உங்கள் கலர் போட்டோ, முழுப் பெயர், ஏஜென்சி பெயர், எண், பதவி, எந்தத் தேதி வரை செல்லும் என்பது எல்லாம் இருக்க வேண்டும். டூட்டியில் இருக்கும்போது இடுப்புக்கு மேலே, வெளிச் சட்டையின் மேல், எல்லோருக்கும் தெரியும்படி மாட்ட வேண்டும். மழைக்கோட்டு போட்டால் அட்டை கோட்டுக்கு மேலே வர வேண்டும். தொலைந்தால் உடனே ஏஜென்சிக்குச் சொல்லி, எழுத்திலும் கொடுத்துவிடுங்கள், உங்கள் அட்டையோடு வேறொருவன் எங்காவது உள்ளே போகலாம்.

சீருடையில் கைப்பட்டையில் ஏஜென்சி பேட்ஜ், பதவி பேட்ஜ், இடது பாக்கெட்டில் கயிற்றோடு விசில், லேஸ் வைத்த ஷூ, தொப்பி. அளவு பொருந்துகிறதா என்று உட்கார்ந்து, குனிந்து, ஓடிப் பாருங்கள். ஒரு நோட்டும் பேனாவும் பையில் இருக்க வேண்டும் என்பதும் விதிதான். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், என்னைக் கேட்டால் விசிலைவிட அதற்குத்தான் வேலை அதிகம்.

போலீஸ், ராணுவச் சீருடை போல ஒன்றைக் கொடுத்தால் போடாதீர்கள். அப்படிப் போட்டால் போட்டவருக்கும் ஏஜென்சி உரிமையாளருக்கும் ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "ஏஜென்சிதான் கொடுத்தது" என்பது உங்களைக் காப்பாற்றாது.

8. போஸ்ட்டில் முதல் நாள்

அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். முந்தைய ஷிப்ட் ஆளோடு சேர்ந்து ஒரு சுற்று நடங்கள். சாவிகளை எண்ணுங்கள், டார்ச் எரிகிறதா, வாக்கி டாக்கியில் சார்ஜ் இருக்கிறதா, தீயணைப்பானில் முள் பச்சையில் நிற்கிறதா, எந்த ஜன்னல் உடைந்திருக்கிறது என்று பாருங்கள். பார்த்ததை எழுதிய பிறகுதான் பொறுப்பு ஏற்றதாகக் கையெழுத்து.

"எல்லாம் சரியா இருக்குண்ணே, நான் கிளம்புறேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பார்கள். அவரை அனுப்பிவிட்டால் அவர் ஷிப்டில் காணாமல் போன சாவிக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்தப் போஸ்ட்டில் என்ன செய்ய வேண்டும், யாரை எத்தனை மணிக்கு விடலாம், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற உத்தரவை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் சூப்பர்வைசர் சொன்னதை உங்கள் நோட்டில் தேதி, நேரம், அவர் பெயரோடு எழுதி, அதையே அவருக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். துணிக்கடை வாசலில் நாள் முழுக்க நிற்க வைத்தால் நாற்காலி கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

9. கேட்டில்: கேட்பது, தடுப்பது, சோதிப்பது

வருகிறவரிடம் வரிசை மாறாமல் கேளுங்கள்: வணக்கம், யாரைப் பார்க்க வேண்டும், அடையாள அட்டை. அப்புறம் உள்ளே போன் செய்து அனுமதி வாங்குங்கள். அனுமதி வந்த பிறகுதான் கேட் திறக்க வேண்டும். காரில் வந்தவரை சல்யூட் அடித்து அனுப்பிவிட்டு, டெலிவரி பையனையும் கூலி வேலைக்கு வந்தவரையும் மட்டும் நிறுத்திக் கேள்வி கேட்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். மரியாதை இல்லை என்பது ஒருபக்கம், அதில் பாதுகாப்பும் இல்லை. திருட வருபவன் நல்ல சட்டையில்தான் வருவான்.

உங்களுக்குப் போலீஸ் அதிகாரம் எதுவும் கிடையாது. பையைத் திறந்து காட்டுவது அந்த இடத்துக்குள் வருவதற்கான நிபந்தனை, அவ்வளவுதான். "பையைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க சார்" என்று கேளுங்கள், அவர் கையாலேயே திறக்கட்டும், நீங்கள் பைக்குள் கையை விட வேண்டாம். மறுத்தால் உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசரை அழையுங்கள். பெண்களைப் பெண் கார்டுதான் சோதிக்க வேண்டும், மறைப்பான இடத்தில். பெண் கார்டு இல்லையென்றால் பையை மட்டும் பாருங்கள், உடல் சோதனை வேண்டவே வேண்டாம்.

வெளியே போகும் பொருளுக்குக் கேட் பாஸ். பாஸில் நான்கு பெட்டி என்றால் வண்டியில் ஏறி நான்கை எண்ணுங்கள், கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவரின் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுங்கள். "மேனேஜர் சொல்லிட்டார்" என்பது பாஸ் ஆகாது. சொன்னது உண்மையில் மேனேஜரேதான் என்றாலும் ஒரு கையெழுத்து கேளுங்கள், பொறுப்பான மேனேஜர் அதை மதிப்பார்.

10. ரெஜிஸ்டர் எழுதுவது

நடந்த உடனே எழுதுங்கள். ஷிப்ட் முடியும்போது ஒரே மூச்சில் எழுதினால் ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கும் அந்தப் பக்கத்தை விசாரிப்பவர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்.

"இரவு ஒரு ஆள் வந்தார், சத்தம் போட்டார், போய்விட்டார்" என்று எழுதினால் பயனில்லை. "இரவு 11.40. சுமார் 30 வயது ஆண், நீலச் சட்டை, இரு சக்கர வாகனம், எண் கடைசி நான்கு இலக்கம் குறித்துள்ளேன். பி பிளாக்குக்குப் போக வேண்டும் என்றார், வீட்டு எண் சொல்லவில்லை. அனுமதி மறுத்தேன். 11.48-க்குத் திரும்பிப் போனார். 11.50-க்கு சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன்" என்று எழுதுங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள், "குடித்திருந்தார்" என்பது உங்கள் ஊகம், "வாயில் மது வாடை அடித்தது" என்பது நீங்கள் அறிந்தது.

தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து. வைட்னர் போடவோ தாளைக் கிழிக்கவோ கூடாது. வெளியே போன நேரத்தையும் கட்டாயம் எழுதுங்கள். தீ விபத்தில் உள்ளே இன்னும் எத்தனை பேர் என்று தீயணைப்பு வீரர்கள் கேட்கும்போது அந்தப் பதிவுதான் பதில்.

எழுதப் படிக்கத் தயங்கும் ஆட்களும், ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்து தமிழ் தெரியாமல் நிற்கும் ஆட்களும் நிறையப் பேர். அவர்கள் தங்கள் மொழியிலேயே எழுதட்டும், எண்களும் நேரமும் மட்டும் எல்லோருக்கும் புரியும்படி இருந்தால் போதும். எழுதாமல் விடுவதற்கு மொழி காரணமாக வேண்டாம்.

11. ஏதாவது நடந்துவிட்டால்

தீ என்றால் முதலில் சத்தம், அலார்ம், அப்புறம் 101 அல்லது 112, அதற்குப் பிறகுதான் தீயணைப்பானை எடுப்பது. பலர் தாங்களே அணைக்கப் போய், அணையாத பிறகு போன் செய்கிறார்கள். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆளுக்கு அடிபட்டால் 108.

திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தால்? குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ம் பிரிவின்படி, உங்கள் கண் முன்னே ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்தைச் செய்பவரைத் தனிநபர் பிடித்து வைக்கலாம், தேவையில்லாத தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். நேரம் இருக்கிறது என்று ஆறு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள், பிடித்த நிமிடமே 112-ஐ அழையுங்கள்.

அடிக்கக் கூடாது. கட்டி வைக்கக் கூடாது. வீடியோ எடுத்து அனுப்பக் கூடாது. சந்தேகத்தின் பேரில் அறையில் பூட்டினால் சட்டவிரோதமாக அடைத்து வைத்த வழக்கு உங்கள் மேல் வரும். தற்காப்பு உரிமை எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஆபத்து விலகிய பிறகு விழும் அடி தற்காப்பில் சேராது. கூட்டம் சேர்ந்து அடிக்க வந்தால் பிடிபட்டவரைக் காப்பதும் உங்கள் வேலைதான்.

டூட்டியில் எந்தச் சட்ட மீறலைப் பார்த்தாலும் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும், அவர் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்று பசாரா சட்டமே சொல்கிறது. முதலாளி செய்யும் தவறும் இதில் அடங்கும். விசாரணைக்கு வரும் போலீஸுக்கு உதவுவதும் கடமை.

12. வாயைக் காப்பது

வேலை செய்யும் இடத்தைப் பற்றி வேலையில் தெரிந்துகொண்டதை, முதலாளியும் போலீஸும் தவிர வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. டீக்கடையில் "எங்க வீட்டுக்காரர் பத்து நாள் துபாய்" என்று சொல்வதும் இதில் சேரும். சிசிடிவி திரையைப் போனில் எடுத்து குரூப்பில் போடுவது இப்போது மிகச் சாதாரணமாகிவிட்டது, அதனால் வேலை போனவர்கள் உண்டு. நிருபர் வந்தால் மேனேஜர் எண்ணைக் கொடுங்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

13. வேலையை விட்டு விலகும்போது

விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்குங்கள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும், கொடுத்ததற்கும் ரசீது வாங்குங்கள். சீருடையும் அப்படித்தான். பழைய அட்டையை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்வது சட்டப்படி தவறு.

கடைசிச் சம்பளம், ஓவர்டைம் பாக்கி, அனுபவச் சான்று மூன்றையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். அடுத்த ஏஜென்சியில் புது பிஎஃப் கணக்கு தொடங்க விடாதீர்கள், பழைய யுஏஎன் எண்ணையே கொடுங்கள். நடத்தைச் சான்றும் பயிற்சிச் சான்றும் உங்கள் ஃபைலிலேயே இருக்கட்டும். வெரிஃபிகேஷன் தேதியைப் பாருங்கள், மூன்று ஆண்டுகள் முடியப் போகிறது என்றால் புது இடத்தில் சேரும் அன்றே மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லிவிடுங்கள்.